சி.ஆர்.பி.யும் இரண்டு அனந்தநாராயணன்களும்

ரத்தம் எடுக்க வருகிறவனை யாரும் உட்காரச் சொல்வதில்லை. முப்பத்தெட்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவன் நான். ஊசியோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கும், கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டு தரப்பும் பட்டவர்கள்தான்.

கோவிட் வந்தபோது சாலைக் கடைத்தெருப் பக்கம் ஒரு சின்ன லேப்பில் இருந்தேன். மூக்கில் குச்சி விட்டால் நோய் உண்டா இல்லையா என்று தெரியும். யாரைப் படுத்தும், யாரை விட்டுவிடும் என்பது தெரியாது. அதற்குத்தான் ரத்தம். சி.ஆர்.பி., ஃபெரிட்டின், டி-டைமர் என்று நாலைந்து எண்கள். உடம்புக்குள் அழற்சி ஏறினால் இவையும் ஏறும். மூச்சு முட்டுவதற்கு முன்பே சில நேரம் காட்டிக்கொடுக்கும். சில நேரம் என்றுதான் சொன்னேன்.

வத்தல் வியாபாரி

ஆரியசாலையில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் பார்க்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் காய்ச்சலோடு வந்தார். சி.ஆர்.பி. கொஞ்சம் கூடுதல். "ஏறுதா, இறங்குதா?" என்றார். இன்றைக்குத்தானே முதலில் எடுத்திருக்கிறது, எனக்கெப்படித் தெரியும், நாளை மறுநாள் வாங்க என்றேன்.

ஒரு எண்ணை மட்டும் நம்பாதே, அது போகும் திசையைப் பார் என்று டாக்டர் ஒருவர் எங்களுக்கு ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கியிருந்தார். அண்ணாச்சி காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்படிச் சொல்லும்வே. ஒரு நாள் வெலய வச்சு எவனாவது சரக்கு எடுப்பானா?"

முருங்கைக்கீரை

கரமனையில் ஓர் அக்ரகார வீடு. பெரியப்பா மகன், சித்தப்பா மகன், இருவருக்கும் கோவிட். இருவருக்கும் பாட்டனார் பெயர், அனந்தநாராயணன். ஒரே இனிஷியல். வயதில் ஒரு வருட வித்தியாசம். மாமனார் பெயரை மருமகள்கள் வாயால் சொல்லக் கூடாதாம். அதனால் அம்மாக்கள் ஒருவரை அம்பி என்றும் மற்றவரை மணி என்றும் கூப்பிட்டார்கள். அறுபதை நெருங்கியும் அம்பி, மணிதான். லேப் கம்ப்யூட்டருக்கு அம்பியும் தெரியாது, மணியும் தெரியாது.

திங்கட்கிழமை போனேன். அம்பி மாடி அறையில், மணி கீழ் அறையில். மாஸ்க் போட்டால் இருவருக்கும் ஒரே வழுக்கை. நான் போட்டிருந்த கவச உடையில் கண்ணாடி வேறு ஆவி படிந்து கிடந்தது. டியூபில் பெயரை எழுதி, பக்கத்தில் 'மாடி', 'கீழே' என்று குறித்துக்கொண்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

மணிக்கு எல்லாம் சரியாக இருந்தது. அம்பிக்கு சி.ஆர்.பி., ஃபெரிட்டின் இரண்டும் ஏறியிருந்தன. ஃபெரிட்டின் இரும்போடு சம்பந்தப்பட்டது என்று யாரோ சொல்லி, அம்பியின் மனைவி போனில் சந்தோஷமாகப் பேசினார். அது இரும்புச் சத்து அல்ல, உள்ளே தீப்பிடித்ததற்கு அடையாளம் என்றேன். அந்த அம்மாள் விடவில்லை. "தினம் முருங்கைக்கீரை பண்ணிப் போட்டது வீண் போகலை, கேட்டேளா!"

ஒரே வீடு

புதன்கிழமை மறுபடி எடுத்தேன். உள்ளே போனால் கையுறையில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளும் என்று வாசலிலேயே டியூபில் ஒட்டி, பழையபடி 'மாடி', 'கீழே' என்றும் எழுதிக்கொண்டு போனேன். முதலில் ரத்தம், பிறகு ஸ்டிக்கர் என்று இருபது பேரையாவது திட்டியிருக்கிறேன். என்னைத் திட்ட ஆள் இல்லை.

முடிவு வந்தது. அம்பிக்கு எல்லாம் தரைக்கு இறங்கிவிட்டது. மணிக்கு எல்லாம் கூரைக்கு ஏறிவிட்டது. டாக்டர் பார்த்தார். அம்பி வீட்டிலேயே இருக்கலாம், மணிக்கு ஆம்புலன்ஸ் என்று சொல்லிவிட்டார்.

வத்தல் அண்ணாச்சி ஞாபகம் வந்தது. இரண்டே நாளில் எந்தச் சரக்கும் இப்படி விழாது. லேப் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஷீபாவிடம் கேட்டேன். மலையாளப் பெண், தமிழ் பேசுவாள். இரண்டு தடவை ஓட்டியாச்சு, மெஷின் சரி என்றாள். பிறகு ஏன் இப்படி என்றேன். "ஒரே வீடல்லே சாரே, ஷேர் பண்ணியிருக்கும்."

கேட்ட கேள்வி

கரமனை வீட்டுக்குப் போன் போட்டேன். அம்பியின் மனைவி எடுத்தார். மாடியில் யார் என்று கேட்டேன்.

"மணியாக்கும். நேத்திக்கு ரூமை மாத்தினோம். இவருக்குப் படி ஏறினா மூச்சு வாங்கறதுன்னு கீழே கொண்டுவந்துட்டோம்."

மாடி என்று எழுதிய டியூபில் மணியின் ரத்தம். கூரைக்கு ஏறிய எண்கள் அம்பியுடையவை. அந்த மனிதர், பயமில்லை என்று டாக்டர் சொன்னதை நம்பிக் கீழே படுத்திருக்கிறார். என் தப்பு. ஆனாலும் அந்த அம்மாளிடம்தான் கத்தினேன். மூச்சு வாங்குகிறது என்று காலையிலேயே என்னிடம் சொல்ல வேண்டாமா?

அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க ரத்தம் மட்டும்தானே கேட்டேள்?"

யாருடைய மூச்சு

டாக்டருக்குப் போனில் சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தேன். கரமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. மணி நெற்றி நிறைய விபூதியோடு, மடியில் ஃபிளாஸ்க்கோடு உள்ளே உட்கார்ந்து மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டு ஆக்சிமீட்டரை மாடியிலேயே விட்டிருந்தார்கள். அறை மாறிய பிறகு அம்பியின் விரலில் யாரும் அதை மாட்டவில்லை. கொண்டுவரச் சொன்னேன். மணிக்குத் தொண்ணூற்றெட்டு. உள்ளே ஓடி அம்பிக்கு மாட்டினேன். எண்பத்தாறு. அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, மணியை இறங்கச் சொன்னேன். உங்களுக்கு ஒன்றுமில்லை, ரிப்போர்ட் மாறிவிட்டது என்றேன்.

அவர் ஃபிளாஸ்க்கை விடாமல் என்னைப் பார்த்தார். "அப்போ இவ்வளவு நேரம் நேக்கு முட்டினது யாரோட மூச்சு?"

பெயர்

அம்பிக்குப் பன்னிரண்டு நாள் ஆக்சிஜன். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. தப்பை எழுதி, கையெழுத்துப் போட்டு லேப் முதலாளியிடம் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து அம்பி தானாகவே நடந்து வந்தார். பாதி ஆளாகியிருந்தார். முதலில் ரத்தம் எடுத்தேன். பிறகு ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர், வயது, வீட்டுப் பெயர் மூன்றையும் கேட்டேன். அவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "அம்பின்னே எழுதிக்கோங்கோ சார். இன்னொரு தடவை மாறினா வண்டியில ஏறமாட்டேன்னு மணி சொல்லிட்டான்."

ரத்தம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடும், யாருடைய ரத்தம் என்பதைத் தவிர.