அம்மாவுக்கு நான் எடுத்துக் கொடுத்த கவுன்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் அந்தக் குறிப்பு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வயிறு பெருத்த பெண்கள் எப்படி உடுத்த வேண்டும் என்ற குறிப்பு. கடும் நிறமாக எடுங்கள், பெரிய பூப் போட்டதைத் தவிருங்கள், இடுப்பில் பெல்ட் கட்டாதீர்கள், மேலிருந்து கீழே இறங்கும் கோடுகள் நல்லது. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யாருடைய கண்ணுக்காக இத்தனை பாடு என்று அது ஒருநாளும் சொல்வதில்லை. தலை நரைத்து, பேரனை மடியில் வைத்திருக்கும் ஆம்பிளைக்கு இதில் என்ன கோபம் என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்த விதிகள் எல்லாம் எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். ஒரே ஒரு முறை பயன்படுத்தினேன், என் அம்மாவின் மேல்.

எண்பதுகளின் நடுப்பகுதி. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். ஒரே சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் இருந்த பெண் வீட்டு வேலைக்கு அரபு நாடு போய், அவள் அனுப்பிய காசில் அந்த வீட்டுக்குப் பேட்டரியில் ஓடும் டெலிவிஷன் வந்திருந்தது. நாங்கள் பிள்ளைகள் அவர்கள் வாசலில் நின்று பார்ப்போம். அப்பாவுக்கு அப்படி நிற்க வெட்கம். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, படத்தைக் காதால் கேட்பார். அம்மாவை அனுப்பும் யோசனை அந்தச் சுவரோரத்தில்தான் பிறந்தது. அம்மாவிடம் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆட்களைச் சேர்த்துவிடும் ஏஜென்சிக்காரர் பதுளையிலிருந்து ஒருநாள் வந்தார். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரித்து அவரை உட்கார வைத்தார் அப்பா. அம்மா தேத்தண்ணீரோடு வந்தபோது அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆளு நல்ல ஆளுதான். வயிறுதான் இடிக்குது," என்றார். "அங்க நாம அனுப்புற படத்தப் பாத்துத்தான் ஆள எடுப்பாங்க. வயிறு தெரிஞ்சா மாசமா இருக்கான்னு திருப்பி அனுப்பிருவாங்க."

"அது புள்ள பெத்த வயிறுங்க," என்றார் அப்பா.

"பெத்த வயிறா, பெறப் போற வயிறான்னு படத்துல எப்படிங்க தெரியும்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். என்னையும் என் தங்கையையும் நடுவில் இரண்டு தம்பிகளையும் சுமந்த வயிறு அது. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும், அது இறங்குவதற்குள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனவள். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினால் எந்த வயிறும் யாருக்கும் தெரியாது. அங்கே கங்காணி கொழுந்தைத்தான் நிறுத்துப் பார்த்தார். அவள் உடம்பைப் பார்த்துக் குறை சொன்ன முதல் ஆள், எங்கள் வீட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தவர்.

அன்று இரவு அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "சின்னவ இன்னும் பால் மறக்கலயே."

"அக்கா பாத்துக்குவா," என்றார் அப்பா. அவருடைய அக்காவான எங்கள் அத்தைக்கே விடிந்தால் மலையில் வேலை. அதை யாரும் சொல்லவில்லை.

முழு உருவப் படம் எடுக்க ரயிலேறிப் பதுளைக்குப் போனோம். சேலை கூடாது, கவுன்தான் வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். ஆண்களுக்குக் கோட்டும் டையும் வைத்திருப்பதைப் போல, அந்த ஸ்டூடியோவில் இப்படிப் போகிற பெண்களுக்காகச் சில கவுன்களை ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். அப்பா வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவுக்குத் துணையாக நான் உள்ளே போனேன். அங்கே ஹல்துமுல்லையிலிருந்து வந்த ஒல்லியான பெண் ஒருத்தி தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரெண்டாவது படம்க்கா," என்றாள் அம்மாவிடம். "எலும்பா இருக்கேனாம், வேலைக்குத் தாங்க மாட்டேனாம். ஒங்க வயித்துல பாதிய எனக்குத் தாங்களேன், ரெண்டு பேரும் போயிரலாம்."

அம்மா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

அம்மா முதலில் எடுத்தது, பெரிய பூக்களும் இடுப்பில் பளபளக்கும் பெல்ட்டும் வைத்த ரோஸ் நிறக் கவுன். பெல்ட்டை அவள் இறுக்கிக் கட்டியதும் வயிறு இரண்டாகப் பிரிந்து மேலும் கீழும் தெரிந்தது. நான் வேண்டாம் என்றேன். அடுத்து மஞ்சளில் குறுக்குக் கோடு போட்ட ஒன்று. அதில் அவள் இன்னும் அகலமாகத் தெரிந்தாள். எனக்கு அவள்மேல் எரிச்சலே வந்தது. நான் சித்திரத்தில் பரிசு வாங்கியவன். குறுக்குக்கோடு அகலத்தையும் நெடுக்குக்கோடு உயரத்தையும் காட்டும் என்று எங்கள் யாழ்ப்பாணத்துச் சித்திர வாத்தியார் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருந்தார். இந்தச் சின்ன விஷயம்கூட இவளுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

"அம்மா, அதுல வயிறு தெரியுதும்மா."

"தெரிஞ்சா தெரியட்டும். இருக்கிறதுதானே தெரியுது."

கடைசி ஆணியில் கரும்பச்சையில் ஒரு கவுன் தொங்கியது. பூ இல்லை, பெல்ட் இல்லை. நெஞ்சுக்குக் கீழே தையல் பிடித்து, அங்கிருந்து நீளமாக மடிப்பு மடிப்பாக இறங்கியது. அதைத் தூக்கிக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கவில்லை.

"அதுல வேர்வ நாத்தம் அடிக்குது."

"படத்துல நாத்தம் தெரியாதும்மா."

ஒல்லிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா என்னைக் கண்ணாடியில் பார்த்தாள். "எனக்கு மஞ்சள்தான் புடிச்சிருக்கு. நீ வெளிய போயி அப்பாகிட்ட இரு," என்றாள், மெதுவாக.

நான் வெளியே போனேன். ஆனால் இருக்கப் போகவில்லை, அப்பாவைக் கூட்டிவரப் போனேன். நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இதைத்தான். கவுனைக் காட்டியது பிள்ளைப் புத்தி என்று விட்டுவிடலாம். அப்பாவைக் கூட்டி வந்தது அப்படியில்லை. என் பேச்சு எடுபடவில்லை என்றதும், எடுபடுகிற ஆளை அழைத்துவந்தேன்.

அப்பா இரண்டையும் பார்த்தார். "புள்ள சொல்றது சரிதானே. அதப் போடு."

அம்மா பச்சையைப் போட்டுக்கொண்டாள். நான் அவளைக் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பச் சொன்னேன். ஸ்டூடியோவில் இருந்த கைப்பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். படம் பிடிப்பவர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பிக்கு நல்ல கண்ணு," என்றார். வயிறு மறைந்தே போனது. ரயிலில் தெமோதரை வரும்வரை எனக்கு அந்தப் பாராட்டு இனித்துக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

அவள் போனாள். ஒப்பந்தம் முடிந்து வந்தவளை அப்பா மறுபடியும் அனுப்பினார். அதற்குள் தங்கை அத்தையை அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தாள். எங்களுக்கு டெலிவிஷன் வந்தது. என் படிப்பும் அந்தக் காசில்தான் நடந்தது. இப்படி நாலு வரி எழுதத் தெரிவதும் அதனால்தான்.

உத்தியோகத்துக்கு வந்து சில வருடங்கள் கழித்து, தங்கையின் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க எல்லோரும் பதுளைக்குப் போனோம். அப்போது இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு வயிறு திரும்பவும் பெருத்திருந்தது. நான் வழக்கம்போல் ஒரு கடும் நீலச் சேலையை இழுத்து, "இது ஒனக்கு எடுப்பா இருக்கும்மா, வயிறு தெரியாது," என்றேன்.

அம்மா தங்கையைப் பார்த்துச் சொன்னாள்: "ஒங்க அண்ணங்கிட்ட விட்டுறாத. அவன் எடுத்துக் குடுத்தா நான் எங்கயாவது போக வேண்டி வரும்."

தங்கை சிரித்தாள். கடைப் பையனும் சிரித்தான். நான் நீலச் சேலையை மடித்துத் திருப்பி வைத்தேன். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மஞ்சள் கவுனை வேண்டுமென்றேதான் எடுத்தாயா என்று கேட்டேன்.

"வேற என்ன செய்ய? நான் வேணாம்னா ஒங்கப்பா கேக்கப் போறாரா? படத்தப் பாத்து அந்த நாட்டுக்காரங்களே வேணாம்னு சொல்லட்டும்னு பாத்தேன்," என்றாள். பிறகு டிக்கட் மீதியைச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டாள்.

ஒரு மனுஷிக்குப் போகமாட்டேன் என்று சொல்ல, பொருந்தாத கவுன் ஒன்றைத் தவிர வேறு வழி வைக்காத வீடு எங்கள் வீடு. அந்த வழியையும் அடைத்தவன் நான். அதற்குத்தான் என்னை நல்ல கண் உள்ளவன் என்றார்கள். அப்பாவும் ஏஜென்சிக்காரரும் இப்போது இல்லை. இருந்தாலும் அவர்களிடம் என்ன கேட்பேன்? அவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொன்னவர்கள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள, அவள் முகத்துக்கு அத்தனை பக்கத்தில் நின்றவன் நான்தான்.

அந்தப் பன்னிரண்டு வயதில், படம் போய்க் கொஞ்ச நாளில் தகவல் வந்தது. ஏஜென்சிக்காரரின் ஆள் லயத்தில் வந்து சொன்னதும், அப்பா கடைக்கு டொபி மிட்டாய் வாங்கக் கிளம்பினார். அம்மாவிடம் நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று மலைக்கு ஓடினேன். மேல் மலையில், பெண்கள் நிரையில் அவள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒன்னைய எடுத்துட்டாங்க," என்று கீழிருந்தே கத்தினேன். நிரையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் கை மட்டும் நிற்கவில்லை. பிடித்திருந்த கொழுந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"சரி. நீ போயி தங்கச்சிக்குச் சோறு ஊட்டு."

அந்த மத்தியானத்துக்கு மட்டும் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் மலையை விட்டு ஓடி இறங்கினேன்.