கதவைப் பார்த்த வகுப்பு

கசார்வாடிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் கனகவல்லிக்கு மைக் தேவையில்லை. அவர் ஏழாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் ஹைவேயில் போகிற டெம்போக்காரனுக்கும் மனப்பாடமாகிவிடும். கோபம் மூக்கு நுனியில் இருக்கும், மனசு மட்டும் வெல்லம்.

அப்பேர்ப்பட்டவருக்கே தண்ணி காட்டினாள், புதிதாகச் சேர்ந்த மீனு. பாடம் நடக்கும்போது திரும்பித் திரும்பி வகுப்பின் பின்பக்கக் கதவையே பார்ப்பாள். யாராவது அதைத் திறந்தால் எழுந்து ஓட்டம்தான். கனகவல்லி அவளைச் செல்லமாக முதல் பெஞ்சுக்குக் கூட்டிவந்தார். ஓட்டம் இன்னும் அதிகமானது.

"இந்த மாசம் பாக்கறேன். மறுபடி ஓடினா டி.சி.தான்" என்றார் தலைமையாசிரியர் ஸ்ரீநிவாசன்.

ஆசிரியர்களுக்கு அண்மையில் ஒரு பயிற்சி நடந்திருந்தது. பிள்ளைக்கு என்ன கோளாறு என்று கேட்காமல், என்ன நடந்தது என்று கேட்கச் சொன்னார்கள். கனகவல்லி அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இப்போதுதான் உறைத்தது. மீனுவின் அம்மா பவுனை வரவழைத்துக் கேட்டார்.

"முன்ன போசரில குடியிருந்தப்போ விடிகாலைல யாரோ கதவ ஒடச்சிக்கினு வந்து இவ அப்பாவ அடிச்சிட்டாங்க டீச்சர். அவரு தேறிட்டாரு. இவதான் ராவெல்லாம் கதவயே பாத்துக்கினு குந்தியிருக்கா. கண்ண மூட மாட்டேன்றா."

"அடப் பாவமே! நானே அவள கதவுக்கு முதுகு காட்டி உக்கார வெச்சேனே!" கனகவல்லி தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை எல்லா பெஞ்சுகளும் கதவைப் பார்க்கத் திரும்பின. கதவுக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கரும்பலகை முளைத்தது.

"என்ன டீச்சர், வாஸ்துவா?" என்று கேட்டார் அறிவியல் ஆசிரியர் சுப்பையா.

"ஆமா சார், மீனு வாஸ்து!"

தாமதமாக வருகிறவர்கள் இப்போது மொத்த வகுப்பின் முகத்திலும் விழிக்க வேண்டியிருந்தது. பூனை மாதிரி பின்னால் வந்து நின்று வேவு பார்க்கும் ஸ்ரீநிவாசன் பாடுதான் திண்டாட்டம். தலை தெரிந்ததுமே "குட் மார்னிங் சார்!" என்று கூரை பறக்கும். மீனு மட்டும் பாதி எழுந்து, யாரென்று பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள்.

மாதக் கடைசியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஸ்ரீநிவாசன் படாரென்று கதவைத் திறந்தார். ஒரு குரலும் எழவில்லை. அத்தனை பிள்ளைகளும் உதட்டில் விரல் வைத்திருந்தார்கள். மீனு பெஞ்சில் தலை சாய்த்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கிளாஸ்ல தூங்கறாளா?"

கனகவல்லி ஓடிவந்து குசுகுசுத்தார். கண் கலங்கியிருந்தது. "மெதுவா சார். அவ தூங்கட்டும். கதவ நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்."

ஸ்ரீநிவாசன் தலைக்கு மேலே மெதுவாகச் சுற்றிய மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"அந்த ஃபேன இன்னும் கொஞ்சம் வேகமா வையுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.