எந்த ஆண்டாளு?

புதுத் தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை தெரியுமா உங்களுக்கு? ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த சின்ன பைனான்ஸ் கம்பெனியின் கவுன்ட்டரில் ஒரு திங்கட்கிழமை காலை அந்த வாசனை வந்தது...

மஞ்சப்பைக்குள் சுருட்டி வைத்த கயிறு. கொண்டுவந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் அக்கா. மாட்டுக் கடனுக்காக வந்திருந்தார். எங்கள் பக்கம் மாட்டை விற்பவர் கயிற்றை விற்க மாட்டார். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுபோய்க் கட்டி ஓட்டிவர வேண்டும்.

"கடனே இன்னும் வரலியேக்கா, அதுக்குள்ள கயிறா?"

"கூமாப்பட்டில சினைமாடு, தாயி. காதுத் தோட்டை வித்து அட்வான்ஸ் குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள மீதியக் குடுக்கலைன்னா மாடும் இல்ல, அட்வான்ஸும் இல்லன்னுட்டாவ."

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பி.காம் முடித்து முதல் வேலை. தலைமை அலுவலகத்திலிருந்து புது சாஃப்ட்வேர் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கடன் கேட்பவரின் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதியை டைப் செய்தால் போதும், அவருக்கு வேறு எங்கெல்லாம் கடன் இருக்கிறது என்று தேடி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விளக்கு காட்டும்.

ஆண்டாள் அக்காவுக்குச் சிவப்பு.

ஏற்கெனவே மூன்று கடன். அதில் ஒன்று பல மாதமாகக் கட்டாதது.

"நான் ஆருகிட்டயும் கடன்னு கை நீட்டுனதில்ல, தாயி..." அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "சிவப்பு வந்தா கை வைக்கக் கூடாதும்மா. பொறவு என் தலையிலதான் விடியும்."

எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. பக்கத்தில் செல்வி. என் வயதுதான். வீடு வீடாகப் போய் விசாரிக்கிற வேலை அவளுக்கு.

"ஏட்டி, அதை ஏன் முறைக்க? நாம குடுத்ததை வச்சுத்தானே அது பாக்குது. வா, நேர்ல போய்ப் பாப்போம்."

புதன்கிழமை அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிற ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெரு. தெருமுனையில் நின்று செல்வி, "ஆண்டாளக்கா இருக்கீயளா?" என்று குரல் கொடுத்தாள்.

மூன்று வீட்டிலிருந்து மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"எந்த ஆண்டாளு? தையக்கார ஆண்டாளா, பால்கார ஆண்டாளா, நானா?"

அந்த ஊரில் பெண்ணுக்கு ஆண்டாள் என்றும் ஆணுக்கு ரெங்கசாமி என்றும் பெயர் வைப்பது அதிசயமா என்ன? பால்கார ஆண்டாள்தான் நம் அக்கா. மூவரின் அப்பா பெயரும் ரெங்கசாமி. அதுகூடப் பரவாயில்லை. பிறந்த தேதியும் மூவருக்கும் ஒன்றே... ஜூன் ஒன்று!

தையல்கார அக்கா சிரித்துவிட்டார். "எங்க மூணு பேரையும் ஒண்ணாத்தான் பள்ளிக்கூடத்துல சேத்தாவ. பொறந்த தேதி ஆருக்குத் தெரியும்? வாத்தியாரே ஒரு தேதியப் போட்டுக்கிட்டாரு."

ஆக, மிஷின் கண்ணுக்கு மூன்று பேரும் ஒரே ஆள்! தையல் மிஷின் கடன் அவருடையது. வீட்டுக்கு ஓடு மாற்றிய கடன் மூன்றாமவருடையது. இரண்டும் ஒழுங்காகக் கட்டிவருகிற கடன்கள். கட்டாத கடன் மட்டும் ஒரு செல்போனுக்காக வாங்கியது. அதை மூவரில் யாரும் வாங்கவில்லை.

"எங்கிட்ட இருக்கது பட்டன் போனு," என்று இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார் நம் ஆண்டாள் அக்கா.

செல்வி அங்கே நின்றபடியே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அந்தக் கடனுக்கு எடுத்த போட்டோவை அவர்கள் தேடி அனுப்பினார்கள். அதோடு கொடுத்திருந்த ஆதார் கார்டு நம் அக்காவுடையது. முகம் யாரோ ஒரு பெண்ணுடையது. தெருவில் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை.

நம் அக்காவே சொன்னார். "ரோட்டுல குடை போட்டு சிம்மு வித்தான் ஒருத்தன். ஒரு ஜெராக்ஸ் சரியா விழலைன்னு இன்னொண்ணு வாங்குனான்..." அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்குக் கடனைக் கேட்டு ஆள் வந்து வாசல்ல நின்னா எம்புட்டுக் கேவலம்."

"அதான் வாரதுக்கு முன்னாலயே தெரிஞ்சுபோச்சுல்லக்கா," என்றாள் செல்வி. "அந்தச் சிவப்பு வரலைன்னா கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. இனிமே ஜெராக்ஸ் குடுத்தா, எதுக்குக் குடுக்கியன்னு குறுக்க எழுதிக் குடுங்க."

இரண்டு நாளாக அந்த மிஷினைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆளை மாற்றிப் பார்த்த அதே மிஷின்தான், எங்கள் யாருக்குமே தெரியாத ஒரு திருட்டையும் பார்த்திருக்கிறது.

வியாழக்கிழமை போலீஸில் புகார், செல்போன் கடன் கொடுத்த கம்பெனிக்குக் கடிதம். அவர்களும் அந்தக் கடனை அக்கா பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். தலைமை அலுவலகத்தில் ராத்திரியோடு ராத்திரியாக, அம்மா பெயருக்கு ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி டைப் செய்தேன். அம்மா பெயர், வேலம்மாள். சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது...

பச்சை.

மேனேஜரே எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார். அக்கா மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

சில மாதம் கழித்து ஒரு தூக்குவாளியோடு வந்தார். மாடு கன்று போட்டிருந்தது. முதல் கறவைப் பாலில் காய்ச்சிய சீம்பால், வெல்லம் போட்டு. ஒரு கிண்ணத்தில் ஊற்றி நேரே கம்ப்யூட்டர் முன்னால் வைத்தார்.

"மொதல்ல இதுக்கு."

"எக்கா, வயர் மேல கொட்டிராதீய!" மேனேஜர் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

போன வாரம் எங்கள் கணக்கிலிருந்து பெயர் தெரியாத ஊரில் யாரோ செலவு செய்யப் பார்த்தார்கள். பேங்க் மிஷின் தானே நிறுத்திவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பியது. பாப்பாவின் ஸ்கூல் பீஸுக்கு வைத்திருந்த பணம். படபடப்பு அடங்க எனக்கு இரண்டு நாளானது. "அதான் நின்னுருச்சுல்ல, பொறவு என்ன?" என்கிறார் இவர். இவருக்கென்ன... சற்று முன்புகூட பாப்பாவின் ஆதார் ஜெராக்ஸில் 'பள்ளிச் சேர்க்கைக்கு மட்டும்' என்று குறுக்கே எழுதிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்போதெல்லாம் எல்லாமே கண்ணிமைக்கிற நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஸ்கூட்டியில் வந்து எந்த ஆண்டாள் என்று கேட்க யாரும் வர வேண்டியதில்லை. நல்லதுதான். ஆனால் என் பிள்ளையின் பணத்தைக் காப்பாற்றிய அந்த மிஷின் எந்த ஊரில், எந்த அறையில் இருக்கிறதோ...

தெரிந்தால் ஒரு கிண்ணம் சீம்பால் கொண்டுபோய் வைக்கலாம்.