எழுபத்திரண்டு தென்னங்கன்றுகள்

வெள்ளகோவில் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தை நானும் தங்கையும் பிரித்துக்கொண்டோம். ரோட்டை ஒட்டிய காடு என் பங்கு, உள்ளே இருக்கும் காடு அவள் பங்கு. தினமும் காலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு என் காட்டின் தெற்கு ஓரமாக நடந்துதான் அவள் பால் சொசைட்டிக்குப் போவாள். பத்திரத்தில் எழுதிய பாதை இல்லை. நடந்து நடந்து விழுந்த தடம், அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் காட்டில் எழுபத்திரண்டு தென்னங்கன்று வைக்க முடிவு செய்தேன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் எந்திரப் படம் வரைகிற வேலை எனக்கு, வாரக்கடைசியில் ஊருக்கு வந்துவிடுவேன். தாளில் போட்டுப் பார்க்காமல் ஒரு குழி வெட்டவும் மனசு வராது. கன்றுக்குக் கன்று இருபத்தைந்து அடி. பெருக்கினால் எழுபத்திரண்டு வருகிற ஜோடிகளை ஒவ்வொன்றாக எழுதினேன். இரண்டும் முப்பத்தாறும், மூன்றும் இருபத்துநாலும், நாலும் பதினெட்டும் காட்டுக்குள் அடங்காது. ஆறும் பன்னிரண்டும் அடங்கியது. எட்டும் ஒன்பதும் அடங்கியது.

ஆடு மாடு கடிக்காமல் இருக்கக் கன்றுகளைச் சுற்றிக் கம்பிவேலி போட வேண்டும். எட்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது என்று வைத்தால் தெற்கே இடம் மிஞ்சும், அவள் தடம் வேலிக்கு வெளியே இருக்கும். ஆறு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என்றால் தடம் வேலிக்குள் போய்விடும், மிச்ச இடம் கிணற்றோரமாக விழும். அங்கே ஒரு ஷெட் போட எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆறு பன்னிரண்டுக்கே குழி வெட்டச் சொன்னேன்.

"ஏனுங்கண்ணா, நம்ம தடம் வேலிக்குள்ள போயிருமுங்களா?" என்று கேட்டாள்.

"என்ன பண்றது அம்மணி, எழுவத்திரண்டுக்கு வேற கணக்கே வராது."

வாய் கூசாமல் சொன்னேன். நான் டிப்ளமோ, அவள் எட்டாவதோடு நின்றவள். கூடப் பிறந்தவளிடம் அந்தத் திமிரைத்தான் காட்டினேன்.

"கணக்குல வராதுன்னா உடுங்கண்ணா" என்று போய்விட்டாள். எங்கள் ஊரில் ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை கேட்டால் மரியாதைக் குறைவு. அவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப்பின் காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓடைப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு சொசைட்டிக்குப் போனாள். முழங்கால் வீங்கியது. சொசைட்டியில் அளந்து முடித்துவிட்டதால் இரண்டு நாள் பாலைத் திருப்பிக் கொண்டுவந்தாள் என்று என் மனைவி சொன்னாள். அப்போதும் வேலியை அப்படியே விட்டேன்.

போன மாதம் ஒரு காலண்டர் தாளோடு வீட்டுக்கு வந்தாள்.

"நானும் நாப்பத்தெட்டுக் கன்னு வெக்கலாம்னு இருக்கறனுங்கண்ணா. நாலு பன்னெண்டும் வருது, ஆறெட்டும் வருது. நாலு பன்னெண்டு வெச்சா எங்காட்டு வழியா வர்ற உங்க ஊட்டுத் தண்ணி பைப்பு வேலிக்குள்ள மாட்டிக்கும். ஆறெட்டுன்னா வெளிய தப்பிச்சுக்கும். அப்படியே வெச்சுப்போடறேன். கணக்கு சரிதானுங்களா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு ஜோடி விடாமல் எழுதியிருந்தாள். நாற்பத்தெட்டுக்குப் போடத் தெரிந்தவள் எழுபத்திரண்டுக்கும் போட்டுப் பார்த்திருப்பாள். எப்போது பார்த்தாளோ.

வேலியைப் பிரித்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "காப்பி குடிச்சுட்டுப் போ கண்ணு" என்றுதான் வந்தது.