அம்புரோஸ் மயக்கம் போட்ட நாள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், எண்ணெய் நிரப்புகிற இரும்புப் பீப்பாய் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. நாள் முழுக்க அங்கே ஒரே தடதடப்பு. அதில் பெயிண்ட் அடிக்கிற பிரிவில் வேலை பார்த்தவர் அம்புரோஸ். வீடு ராயபுரத்தில், கோயில் மணி காதில் விழும் தூரத்தில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், மலை மாதிரி ஆள். பிள்ளைக்கு அந்த உடம்பு வாய்க்கவில்லை. கடற்காற்று அடிக்கும்போது அம்புரோஸ் நடந்து வந்தால், கொடியிலிருந்து கழன்ற சட்டை ஒன்று தானாக வருவது போல இருக்கும்.

அவரிடம் கெட்ட பழக்கம் என்று எதுவும் கிடையாது, ஒன்றைத் தவிர. யார் எதைக் கேட்டாலும் வாயில் முதலில் வருவது "ஆவட்டும்". சைக்கிளை இரவல் கேட்டாலும் ஆவட்டும், இன்னொருவன் ஷிப்டைப் பார்க்கச் சொன்னாலும் ஆவட்டும். தவக்காலத்தில் கோயில் தெருவில் நாடகம் போட்டபோது, செத்துக் கிடந்து, இயேசு பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து வரும் லாசராக நடிக்க ஆள் கிடைக்கவில்லை. அதற்கும் ஆவட்டும் என்றார். காட்சி முடிகிறவரை மூக்கில் ஈ உட்கார்ந்தும் அசையவில்லை என்று ஊரே மெச்சியது. அவர் மனைவி வியாகுலம்மாள் மட்டும் மெச்சவில்லை. "உசுரோட கீறவன வெள்ளத்துணி சுத்திப் படுக்க வெச்சிக்கீறாங்க, இதுக்கு ஒரு பெருமை" என்றாள்.

எழுபத்துமூன்றாம் வருஷம் மார்ச் மாதம் தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரம் கொண்டாட முடிவானது. அதற்கென்றே கருணாகரன் என்ற அதிகாரி புதிதாக வந்திருந்தார். நல்ல மனுஷர், கோபப்படத் தெரியாதவர். ஆனால் 'பிளான்' என்கிற வார்த்தை இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஓர் ஒத்திகை நடத்திக் காட்டலாம் என்றார். பெயிண்ட் கிடங்கில் புகை போடுவது. கிடங்கின் மேல்தட்டில் ஒருவர் அடிபட்டு மயங்கிக் கிடப்பது. நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஏறி அவரைக் கீழே கொண்டுவருவது. கட்டுப் போட்டு வேனில் ஏற்றுவது. அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைக்காரர்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்ப்பது.

"மயங்கிக் கிடக்க யார் தயார்?" என்று கருணாகரன் கேட்டார்.

லாரியில் பீப்பாய் ஏற்றுகிற எத்திராஜ், ஆறடிக்கு மேல் வளர்ந்த கடற்கரைக் குப்பத்து ஆள், உடனே சொன்னான்: "நம்ம அம்புரோஸ் அண்ணன் கீறாரே சார். தூக்கறதுக்கும் லேசு. செத்தவன் மாரியே படுப்பாரு, அனுபவம் கீது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்புரோஸ் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "ஆவட்டும் சார்."

இதற்காக மூன்று கூட்டம் போட்டார்கள். முதல் கூட்டம் முழுக்க, வாசலில் கட்டப்போகும் துணியில் 'பாதுகாப்பு' என்பதற்கு எங்கே 'ப்' வரும் என்ற சண்டையில் போனது. இரண்டாவது கூட்டத்தில் விருந்தாளிகளுக்கு மடக்கு நாற்காலியா, கை வைத்த நாற்காலியா என்று பேசினார்கள். மூன்றாவதில் போண்டாவா, வடையா என்று ஓட்டெடுப்பு நடந்து போண்டா ஜெயித்தது. போகிறபோக்கில் மேனேஜர், "மூணு மணிக்கு வச்சிடுங்க, காலை ஷிப்ட் முடியற நேரம், வேலை கெடாது" என்றார். பிரமாதமான யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அம்புரோஸும்தான் ஆட்டினார். மூன்று கூட்டத்திலும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: மயக்கத்தில் இருப்பவருக்குப் போண்டா உண்டா? தெளிந்ததும் சாப்பிடலாம் என்று கருணாகரன் உறுதி கொடுத்தார்.

அந்த நாள் வந்தது. விருந்தாளிகள் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லி, மேல்தட்டுக்குப் போகிற இரும்புப் படிக்கு மத்தியானம் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். கருணாகரனுக்கு அது தெரியாது. கருணாகரன் ஒத்திகையை அன்றைக்கு வைத்திருப்பது பெயிண்ட் அடித்தவனுக்குத் தெரியாது. அம்புரோஸ் கைப்பிடியைத் தொடாமல், படிகளின் ஓரத்தில் கால் வைத்து எப்படியோ ஏறிப்போய்ப் படுத்துவிட்டார். அவர் ஏறுவதற்கு முன்பே, ரத்தத்துக்காக நெற்றியில் சிவப்புச் சாயம் வேண்டும் என்றிருந்தார்கள். பீப்பாய்க்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டில் ஒரு கை எடுத்துப் பூசிவிட்டிருந்தார்கள். இடது கால் முறிந்ததாக ஏற்பாடு.

"என்ன நடந்தாலும் கண்ணைத் திறக்கக் கூடாது, அசையக் கூடாது. நம்ம பிளானே உங்க மேலதான் நிக்குது" என்று கீழேயிருந்தே சத்தமாகச் சொல்லிவிட்டுக் கருணாகரன் போனார்.

மேல்தட்டுக்கு நேர் கீழே, வெட்டிய பீப்பாய்க்குள் எண்ணெய்த் துணியைப் போட்டுக் கொளுத்தினார்கள். மூன்று மணிக்குச் சங்கு ஊதியது.

ஆபத்து என்று அறிவிக்க ஊதிய சங்கு அது. ஆனால் தொழிற்சாலையில் இருந்ததே ஒரு சங்குதான். ஷிப்ட் முடிந்தாலும் அதுதான் ஊதும். ஆகவே காலை ஷிப்ட் ஆட்கள் கையைக் கழுவி, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மத்தியான ஷிப்ட் ஆட்கள் உள்ளே வந்தார்கள். கிடங்கில் புகை வருவதைப் பார்த்த ஒருவன், "இன்னா, குப்பைய கொளுத்தறாங்களா" என்று கேட்டபடி தன் வேலைக்குப் போனான். ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டிய நாலு பேரில் இரண்டு பேர், சங்கு சத்தம் கேட்ட பழக்கதோஷத்தில், எண்ணூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள்.

புகையின் குணம் மேலே ஏறுவது. அம்புரோஸ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தார். முதலில் மூக்கு எரிந்தது, பிறகு தொண்டை. தீயை அணைத்துக் காட்ட நிறுத்திவைத்திருந்தவர்கள் ஆர்வத்தில் ஒரு வாளி தண்ணீரைத் துணி மேல் ஊற்ற, புகை இரண்டு மடங்காகி மேலே வந்தது. யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை. லாசராகப் படுத்தபோதாவது கூப்பிட ஆள் இருந்தது. அவருக்கு அழுகை வரவில்லை, வெறுப்புதான் வந்தது. நாற்பது வயதில், பெண்டாட்டி பிள்ளை இருக்கிற மனுஷன், நெற்றியில் பெயிண்டைப் பூசிக்கொண்டு ஒரு போண்டாவுக்காக இப்படிக் கிடக்கிறோமே என்று தன்னையே வைதுகொண்டு இருமினார்.

"அடக்கி இருமுங்க" என்று கீழேயிருந்து கருணாகரனின் குரல் கேட்டது.

ஒருவழியாக எத்திராஜும் சுப்புராயனும் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். சுப்புராயன், எத்திராஜின் தோளுக்குக்கூட எட்டாதவன். மற்ற இருவருக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வந்ததாகச் சொன்னான். படி ஈரமாக இருப்பது ஏறும்போதே காலில் ஒட்டித் தெரிந்தது. ஆனால் நாற்காலியில் விருந்தாளிகள், கையைக் கட்டிக்கொண்டு மேனேஜர். திரும்பிப் போக முடியுமா?

"எத்திராஜு, மெதுவா நைனா" என்றார் அம்புரோஸ், உதட்டை அசைக்காமல்.

"நீ பேசாத அண்ணே, நீ மயக்கத்துல கீறே" என்றான் எத்திராஜ்.

படி பாதியில் திரும்புகிற இடத்தில்தான் விஷயம் புரிந்தது. ஸ்ட்ரெச்சர் நீளம், திருப்பம் குறுகல். இப்படித் திருப்பினால் சுவர் இடித்தது, அப்படித் திருப்பினால் கைப்பிடி இடித்தது. எத்திராஜ் தன் பக்கத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தான். சுப்புராயனால் அவ்வளவு உயரம் தூக்க முடியவில்லை. கட்டிவைக்க வேண்டிய வார், வாங்கி வந்த கடைப் பையிலேயே கிடந்தது. அம்புரோஸ் மெல்லச் சரிய ஆரம்பித்தார். "தம்பி, போறேன், தம்பி, போறேன்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுப்புராயனின் கால் பச்சை பெயிண்டில் வழுக்கியது.

படிக்குக் கீழே காலிப் பீப்பாய்களை அடுக்கிவைத்திருந்தார்கள். அம்புரோஸ் அவற்றின் மேல் விழுந்தார். அடுக்கு கலைந்தது. பீப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக முற்றத்துக்கு உருண்டு போக, விருந்தாளிகள் நாற்காலி மேல் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அம்புரோஸ் வலது காலைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே" என்று அலறினார். பிறகு விருந்தாளிகளில் ஒருவர் கைதட்ட, எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். இத்தனை தத்ரூபமாக எங்கள் இடத்தில் செய்ததில்லை என்று ஒருவர் மேனேஜரிடம் சொன்னார்.

முதலுதவிக்குப் பொறுப்பு ஆபீசில் டைப் அடிக்கிற ராஜாத்தி. ஒரு வாரமாகக் கட்டுப் போடப் பழகியிருந்தாள். ஓடி வந்து மண்டியிட்டு, மரச் சட்டத்தை வைத்து இடது காலைக் கட்ட ஆரம்பித்தாள்.

"எம்மா, ஒடைஞ்சது இந்தக் காலு."

"அண்ணே, பிளான்ல இடது கால்தான் இருக்கு."

"பிளான்ல இருக்கலாம்மா. ஒடைஞ்சது இதும்மா."

"நீங்க மயக்கத்துல இருக்கணும், பேசக் கூடாது" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி, முடிச்சை இறுக்கினாள். நல்ல கட்டு. லேசில் அவிழ்க்க முடியாத கட்டு. வலது பாதம் ஒருபக்கமாகத் திரும்பிக் கிடப்பதை முதலில் பார்த்தவர் கருணாகரன்தான். அவர் முகம் வெளுத்துவிட்டது. "வேன், வேன் எங்கே" என்றார்.

வேன் தேரடிக்குப் போண்டா வாங்கப் போயிருந்தது.

அது வரும்வரை அம்புரோஸ் முற்றத்திலேயே கிடந்தார். வந்தபின், போண்டாக் கூடைகளை இறக்கி, சட்னி வாளியைப் பத்திரமாக ஓரம் வைத்துவிட்டு, அவரை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் பார்த்தது நெற்றியை. தலைக் காயத்தில் ரத்தம் இப்படிப் பளபளப்பாக உறைந்து அவர் பார்த்ததில்லை. அது பெயிண்ட் என்று எத்திராஜ் விளக்கினான். அடுத்து, கட்டுப் போட்ட காலை அவிழ்த்துப் பார்த்தார், அதில் ஒன்றுமில்லை. அது ஒத்திகைக்குக் கட்டியது என்று எத்திராஜ் விளக்கினான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவருக்கு நிஜமாவே எங்கதான்யா அடிபட்டிருக்கு?" என்று கேட்டார். அம்புரோஸ் வலது காலைச் சுட்டிக்காட்டினார். அன்று அவர் பேச்சை முதல்முதலாகக் கேட்டது அந்த டாக்டர்தான்.

வியாகுலம்மாள் அழுதுகொண்டே ஓடி வந்தாள். நடந்ததைக் கேட்கக் கேட்க அழுகை நின்றது. மாவுக்கட்டையும் சிவந்த நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மெஷின்ல மாட்டிக்கினியா?"

"இல்ல."

"தீயில வுழுந்தியா?"

"நெசமா தீயே இல்ல, வியாகுலம்."

"அப்ப இன்னாய்யா பண்ணிக்கினு இருந்தே?"

"மயக்கமா படுத்துக்கினு இருந்தேன்."

"நான் ஊட்டுக்குப் போயி ஜனங்களாண்ட இன்னான்னு சொல்றது?" என்று கேட்டாள். அவர் நெற்றிப் பெயிண்டைத் துடைக்கக் கொஞ்சம் டர்பன்டைன் கொண்டுவரச் சொன்னார்.

இதே கேள்வியைத் தொழிற்சாலை ஆபீசும் கேட்டது. அடிபடும்போது செய்துகொண்டிருந்த வேலை என்ன? படுத்திருந்தது வேலையாகுமா? ஷிப்ட் முடிந்த பிறகு விழுந்ததால் அவர் தொழிலாளியா, பார்க்க வந்த வெளியாளா? இதைப் பேசித் தீர்க்கக் கூட்டங்கள் போட்டார்கள். கடைசியில் கருணாகரன்தான் மேனேஜரிடம் போய் நின்று, படுக்கச் சொன்னது நான், ஆகவே அது வேலைதான் என்று சொல்லி முடித்துவைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சாத்துக்குடிப் பையோடு வீட்டுக்கு வந்தார். வியாகுலம்மாள் நாற்காலி போட்டாள், முகம் கொடுக்கவில்லை. கருணாகரன் பையை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் யோசிச்சுதான் அம்புரோஸ் பண்ணினேன்" என்றார்.

"நானும் கூடத்தான் சார் குந்தினு இருந்தேன். மூணு கூட்டத்துலயும் ஒருத்தனுக்கும் தோணல."

"அடுத்த வருஷம் இப்படி நடக்காது. படியெல்லாம் அளந்து பார்த்தாச்சு. உங்களுக்கு இப்ப அனுபவமும் இருக்கு, அதனால..."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அம்புரோஸ் மாவுக்கட்டுக் காலைக் கையால் தூக்கி ஸ்டூல் மேல் மாற்றி வைத்தார்.

"முடியாது சார்" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அந்த வீட்டுச் சுவர்கூடக் கேட்டதில்லை. கருணாகரன் தலையாட்டிவிட்டு, சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனார். வியாகுலம்மாள் ஒரு பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தாள்.

கால் சேர்ந்தது, ஆனால் கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. வேலைக்குத் திரும்பியவருக்குப் பிரஷ் வைக்கிற அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்த அம்புரோஸ் வேறு ஆளாகிவிட்டார். யார் என்ன திட்டத்தோடு வந்தாலும், "சரி, அப்பால?" என்று கேட்பார். பதில் சொன்னால், அதற்கும் "அப்பால?" பிக்னிக் ஏற்பாடு செய்ய வந்த யூனியன்காரர்கள் அவர் கேள்விக்குப் பயந்து, மகாபலிபுரத்தைக் கைவிட்டுத் திருவொற்றியூர் கடற்கரையிலேயே உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். முன்பு எதையும் மறுக்காத மனுஷன் போய், எதையும் நகரவிடாத மனுஷன் வந்துவிட்டார் என்று எத்திராஜ் தலையில் அடித்துக்கொண்டான்.

மகள் ரோசியின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பேச வந்தபோதும் இதேதான். கோயிலில் பூசை முடிந்ததும் ஊர்வலம் என்றார்கள். அப்பால என்றார். பந்தி என்றார்கள். மழை வந்தால் என்றார். ஜூன் மாதத்தில் ஏது மழை என்று அவர்கள் சிரிக்க, பந்தல்காரனுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்று கேட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா வெற்றிலையைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார்.

"அப்பால நான் பாத்துக்கறேன்" என்று வியாகுலம்மாள் உள்ளேயிருந்து வந்து சொன்னாள். "நீ போயி கொஞ்ச நேரம் காத்தாட நில்லு."

அவர் போகவில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பிரியாணி வேகிற விறகு ஈரமாக இருந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்டார்.