சான்றுப் பொருள்: இட்லி குண்டான்

திருவள்ளூர் கோர்ட்டில் இருபத்தாறு வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டுகிறேன். லாரி, செல்போன், சண்டைச் சேவல் வரைக்கும் மீட்டுக் கொடுக்க மனு எழுதியாயிற்று. இட்லி குண்டானுக்கு எழுதியது மெர்சிக்காக மட்டும்தான்.

மெர்சி காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசலில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவள். ஒரே ஈட்டில் நூறு இட்லி வேகிற குண்டான் அவளுடையது. ஒருநாள் ஷிப்டு சங்கு ஊதுகிற நேரத்தில், கடைசி நாலு இட்லி யாருக்கு என்று எஸ்டேட் தொழிலாளி அந்தோணிக்கும், வண்டிகளில் ஒடுக்கு எடுக்கிற டிங்கரிங் வேலை பார்க்கிற துளசிராமனுக்கும் தகராறு. அந்தோணி குண்டான் மூடியை எடுத்து ஒரு போடு போட்டான். துளசிராமன் மண்டையில் மூன்று தையல், மூடியில் ஒரு ஒடுக்கு. போலீஸ் வந்து மூடியை ஆயுதம் என்று எழுதிக்கொண்டது. அத்தோடு விடவேண்டியதுதானே? குண்டானையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அடிச்சவன் ஜாமீன்ல சுத்திக்கினு கீறான், அடி வாங்கனவன் வேலைக்குப் போய்க்கினு கீறான். என் குண்டான் மட்டும் உள்ள கீது. அது இன்னா சார் தப்பு பண்ணுச்சு?" என்று என் மேஜை முன்னால் நின்று கத்தினாள்.

நியாயமான கேள்வி. பொருளைப் படம் பிடித்து, விவரம் எழுதிவைத்துக்கொண்டு, வழக்கு முடிகிறவரை உரியவரிடம் கோர்ட் திருப்பிக் கொடுக்கலாம். மனு போட்டோம், குண்டான் மூடியோடு கிடைத்தது. விற்கக் கூடாது, உருவத்தை மாற்றக் கூடாது, கேட்டால் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை.

அதாவது ஒடுக்கு எடுக்கக் கூடாது! ஆவி அந்தப் பக்கமாகவே ஓடியது. மெர்சி ஈரத்துணியைச் சுற்றி, மேலே குழவிக்கல்லை ஏற்றி வேகவைத்தாள். இதில் நான் வேறு, "கேஸ் முடிஞ்சா ஆயுதத்தை அழிக்கச் சொல்லியும் உத்தரவு போடுவாங்கம்மா" என்று வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து தினமும் போன். "சார், ஒட்ச்சிடுவாங்களா சார்?"

விசாரணை அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் குண்டானோடு வந்து இறங்கினாள். "மூடியைக் காட்டுங்க" என்றார் மாஜிஸ்திரேட் அம்மா. மெர்சி மூடியைத் தூக்கினாள். குப்பென்று ஆவி! உள்ளே சுடச்சுட இட்லி.

நான் தலையைக் கேஸ் கட்டுக்குள் புதைத்துக்கொண்டேன்.

"என்னம்மா இது?"

"வெறும் பாத்திரத்தை ஒருத்தர் வாசலுக்கு எட்த்துக்கினு வரமாட்டோம்மா. அதான் கொஞ்சம் இட்லி போட்டாந்தேன்."

"சான்றுப் பொருள்ல சமைச்சீங்களா?"

"டெய்லி சமைக்கிறேன்மா. அந்த ரெண்டு பேரும் இதுலதான் நாஷ்டா துன்றாங்க."

மாஜிஸ்திரேட் துளசிராமன் பக்கம் திரும்பினார். "உண்மையா?"

"ஆமாங்கம்மா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் குந்துவோம்."

"அப்புறம் கேஸ் எதுக்கு?"

துளசிராமன் தழும்பைத் தடவினான். "ராஜியா போய்டறேன்மா. குண்டானை மட்டும் ஒட்ச்சிடாதீங்க. பாவம், அக்கா பொயப்பே அதுலதான்."

வழக்கு முடிந்தது. குண்டான் மெர்சிக்கே என்று உத்தரவானது. அவள் அங்கேயே அழுதாள். வெளியே வந்து ஆறு இட்லி தின்றேன்.

மறுநாள் காலை காக்களூர் போனேன். நடுத்தெருவில் அந்தோணி குந்தி மூடியைப் பிடித்துக்கொண்டிருக்க, துளசிராமன் மரச் சுத்தியலால் ஒடுக்கு எடுத்துக்கொண்டிருந்தான். மெர்சி கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள்.

"டேய் துளசி, பாத்து அடிடா. அவன் கையில கிய்ல பட்டுச்சுன்னா மறுபடியும் என் மூடியைத்தான் தூக்கிக்கினு போவானுங்க!"