தனேஸ்வரன் வீட்டுக் கொன்யாக்

நவமணி அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. இன்றுவரை ஒரு சொட்டு மது வாயில் வைத்ததில்லை. ஆனாலும் ஈப்போவில் யாருக்காவது பழைய பிராந்தி விஷயத்தில் சந்தேகம் வந்தால் அவரைத்தான் தேடிப் போகிறார்கள்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வரிசையில் நான்காவது வீடு அவருடையது. வெள்ளிக்கிழமை மாலையில் கோயிலில் விளக்குப் பூஜைக்கு எண்ணெய் ஊற்றுவார். பகலெல்லாம், "சாராயக் கடை" என்று எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடும் இடத்தில் வேலை. மது ஒழிப்பு மாதத்தில் பேச அவரைக் கூப்பிடலாமா என்று கோயில் கமிட்டி இரண்டு முறை கூடி, முடிவு தெரியாமல் கலைந்தது. அன்றைய மதியச் சாப்பாட்டுச் செலவை அவருடைய முதலாளி லியோங் தௌக்கே ஏற்றுக்கொள்கிறார் என்று தெரிந்ததும் மூன்றாவது கூட்டம் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. அக்கா பேசினார். நன்றாகவே பேசினார். குடியின் கேடு பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்குக் கமிட்டியில் வேறு யாருக்கும் தெரியாது.

சுங்கை சிப்புட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து, அதை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த கையோடு சம்சு குடிக்கப் போவார். சம்சு என்பது லேபிளில் மட்டும் அழகு காட்டும் மலிவுச் சரக்கு. அப்பா வீட்டுப் படியேறும்போதே எத்தனை பாட்டில், எந்தக் கடைச் சரக்கு என்று ஏழு வயது நவமணி மோந்தே சொல்லிவிடுவாள். ஒரு கடைச் சரக்கு என்றால் அப்பா அழுவார். இன்னொரு கடைச் சரக்கு என்றால் அடிப்பார். ஓடுவதா இருப்பதா என்பதை மூக்குத்தான் முடிவு செய்தது. நாற்பத்தோரு வயதில் அப்பா கல்லீரல் வெந்து இறந்தார். மூக்கு மட்டும் மகளுக்கு மிஞ்சியது.

இருபத்து மூன்று வயதில் லியோங்கின் கிடங்கில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாள் ஆளுயரத்தில் அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து, பாட்டில்கள் உடைந்து, தரையெல்லாம் கொன்யாக் பிராந்தி ஓடியது. எது எது போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. துடைக்க வந்த நவமணி மலாயில் சொன்னார்: "தௌக்கே, இந்தப் பக்கம் ஓடுறது ரெண்டும் ஒரே கம்பெனிச் சரக்கு. ஒண்ணு வயசு கூட, ஒண்ணு கம்மி. அந்தச் சுவர்கிட்ட இருக்கிறது வேற." லேபிள் துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. மறுநாள் லியோங் பதினோரு கிளாஸ்களை வரிசையாக வைத்தார். நவமணி ஒன்பதைச் சரியாகச் சொன்னார். அன்றைக்குத் தரை துடைக்கும் மாப்பு வேறு கைக்குப் போனது.

பிறகு தௌக்கே புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தார். வெள்ளைத் திராட்சையின் புளித்த ரசத்தைச் செம்புக் கொப்பரையில் இரண்டு முறை காய்ச்சி வடிப்பது, அதை ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் உறங்க விடுவது, அதில் ஒரு பங்கு ஆண்டுதோறும் காற்றோடு போய்விடுவது எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டார். ஒருமுறை வியாபாரிகளுக்காக ஏற்பாடான பிரான்சுப் பயணத்துக்குத் தன் இடுப்பு வலியால் போக முடியாமல், லியோங் தன் மகளோடு அக்காவை அனுப்பினார். கொன்யாக் என்பது ஓர் ஊரின் பெயர் என்பதை அங்கே பெயர்ப் பலகையில் பார்த்தபோதுதான் அக்கா உண்மையாக நம்பினார். கிடங்குச் சுவரெல்லாம் கறுத்துக் கிடந்தது. காற்றில் கலந்த பிராந்தி ஆவியை உண்டு வளரும் பூஞ்சையாம். "குடிச்சே செவரு கறுத்துப் போச்சு. எங்கப்பா மாதிரி," என்று அக்கா தமிழில் சொன்னதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

கிடங்கின் தலைவர், எழுபது வயதுக்காரர், ஒரு கிளாஸை நீட்டினார். அக்கா மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். குடித்துத் துப்பிவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்றார்கள். அக்கா தலையாட்டி மறுத்தார். கிழவர் கோபப்படவில்லை. தானும் நாளெல்லாம் மோந்துதான் கலவை சேர்ப்பதாகவும், நாக்கு பத்துக் கிளாஸில் களைத்துவிடும், மூக்கு களைக்காது என்றும் சொன்னார். எல்லாவற்றிலும் மூத்த பிராந்தியை வைத்திருக்கும் உள்ளறைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு வாசனை இருந்தது. காய்ந்த பழம், காளான், பழைய தோல்பை எல்லாம் சேர்ந்தது போல. முதிர்ந்த பிராந்திக்கு மட்டும் வரும் வாசனை அது என்றார் கிழவர். குடித்தால் அது நாக்கில் எப்படி இருக்கும் என்று அக்கா கேட்டார். கிழவர் நெடுநேரம் யோசித்து, கையை விரித்துக் காட்டினார். சொல்லத் தெரியவில்லை.

போன வருடம் ஒரு நாள் தனேஸ்வரன் ஐயா கடைக்கு வந்தார். வீடு கட்டி விற்கும் குத்தகையாளர். கோலா கங்சார் பக்கம் அவருடைய அப்பா கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை வாங்கி, மரத்தையெல்லாம் சாய்த்து, வீடுகள் கட்டி, அதற்குத் தாமான் வாரிசான் என்று பெயர் வைத்தவர். வாரிசான் என்றால் மரபுச் செல்வம். மரபில் அவருக்கு அவ்வளவு பற்று.

"நவமணி, அடுத்த மாசம் எனக்கு எழுபது. எங்கப்பாவுக்குத் தோட்டத்து வெள்ளக்காரத் தொர கொடுத்த கொன்யாக் ஒண்ணு வீட்டுல இருக்கு. எழுபத்து நாலுல தோட்டத்த வித்துட்டுக் கப்பல் ஏறினப்போ கையில கொடுத்துட்டுப் போனாரு. அம்பது வருஷம் தொடாம வச்சிருக்கோம். விருந்துல அத நீதான் தொறந்து, நாலு வார்த்த பேசணும்லா."

"பேசலாங்க ஐயா. ஆனா ஒண்ணு. மரப் பீப்பாயில இருக்கிற வரைக்குந்தான் அதுக்கு வயசு. பாட்டில்ல ஊத்திட்டா அப்புறம் வயசு ஏறாதுங்க."

தனேஸ்வரன் சிரித்தார். "எனக்கே வயசு ஏறுது. பாட்டிலுக்கு மட்டும் ஏறாதா?"

பழைய தக்கை திறக்கும்போது உடைந்துவிடலாம். அதனால் முன்கூட்டியே பார்த்து வைக்க அக்கா ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனார். வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி. கேடயங்களுக்கும் பொன்னாடைப் படங்களுக்கும் நடுவில், தனி விளக்கு வெளிச்சத்தில் பாட்டில் நின்றது. பார்த்ததுமே அக்காவுக்கு இரண்டு விஷயம் இடித்தது. ஐம்பது வருடம் நின்ற பாட்டிலில் தக்கை வழியாகக் கொஞ்சமாவது வற்றியிருக்க வேண்டும். இதில் கழுத்துவரை நிறைந்திருந்தது. இன்னொன்று, தக்கையின் மேல் சிவப்பு மெழுகு.

"பிரான்சு மெழுகு," என்றார் தனேஸ்வரன்.

சீனக் கோயிலில் ஏற்றும் மெழுகுவத்தி போல இருக்கிறது என்று அக்காவுக்குப் பட்டது. அந்த நேரம் தனேஸ்வரனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். அக்கா மெழுகைச் சுரண்டி, தக்கையை மெல்ல நெகிழ்த்தி, மூக்கை அருகில் கொண்டுபோனார்.

சீனத் தேநீர். அதற்கடியில் சம்சு.

அதுவும் எந்தச் சம்சு! அடிக்கும் நாள் சம்சு. ஒரு நொடி அவர் ஏழு வயதுக்காரியாகத் தோட்டத்து வீட்டுக் கதவருகே நின்றார். கால்கள் ஓடத் தயாரானதை அவரே உணர்ந்தார்.

"தெரிஞ்சிருச்சா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தனேஸ்வரனின் மனைவி விமலா. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் இரண்டு கோப்பை மைலோ.

"டீச்சர், இது..."

"கடத்தெரு சீன மருந்துக் கடையில வயித்து வலின்னு சொல்லி வாங்கின சம்சு. கலருக்குத் தேத்தண்ணி. எண்பத்தேழுல ஊத்தினேன்." விமலா டீச்சர் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "அந்த வருஷம் தெலுக் இந்தான்ல எனக்குத் தலைமை ஆசிரியை வேல வந்துச்சு. இவரு வேணான்னுட்டாரு. வீட்ட யாரு பாக்கிறதுன்னு கேட்டாரு. நானே கைப்பட மறுத்து லெட்டர் எழுதினேன். எழுதிட்டு வந்து நின்னா எதிர்க்க இந்தப் பாட்டில். வீட்டுலயே ரொம்ப மரியாதையான சாமான் இதுதான். தக்கையப் புடுங்கினேன். கோவத்துல குடிச்சேன். ருசிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"மொத்தமாவா?"

"சே, இல்ல! சின்னக் கிளாஸ் ஒண்ணு. மறுநாளே மிச்சத்தத் தேன் பாட்டில்ல மாத்திட்டு, இதுல இந்தக் கண்றாவிய ஊத்தி மூடிட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவ, சில வருஷம் ரெண்டு. ரெண்டாயிரத்து ஒம்பது வரைக்கும் வந்துச்சு."

"ஐயா ஒரு நாளும் பாக்கலியா?"

"சமையக்கட்டுலதான இருந்துச்சு. அவரு எப்ப அங்க வந்தாரு?"

போலிப் பாட்டில்களைக் கண்டுபிடித்து எத்தனையோ வியாபாரிகளின் முகத்துக்கு நேரே சொன்னவர் நவமணி அக்கா. அன்று அவர் வாயிலிருந்து வந்தது அதுவல்ல. வேறொரு கேள்வி.

"டீச்சர், அது எப்படி இருந்துச்சு?"

விமலா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். "வாயில வச்சதும் சூடு. காரம் இல்ல, சூடு. அப்புறம் பேரீச்சம்பழத்த நெய்யில வதக்கினாப்ல ஒரு இனிப்பு, ஆனா சக்கர இல்ல. முழுங்கிட்டோம், முடிஞ்சு போச்சுன்னு நெனைப்போம். முடிஞ்சிருக்காது. துணி மடிக்கிறப்போ, பரீட்சத் தாள் திருத்துறப்போ திரும்பி வரும். மழைக்கப்புறம் நனஞ்ச மரக்கட்ட வாசம் இருக்குமே, அது மாதிரி. பழைய புத்தகத்தப் பிரிச்ச மாதிரி. அன்னிக்கு முழுக்க யாரும் என்னை ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு இருக்கும்."

அக்காவுக்குப் புரிந்தது. பிரான்சில் அந்த உள்ளறைக் கிழவர் சொல்லத் தெரியாமல் கையை விரித்தது இதற்குத்தான். அரை நூற்றாண்டு அந்தத் தொழிலில் இருந்தவருக்கு வராத சொல், ஈப்போவில் ஒரே ஒரு பாட்டிலைத் திருடிக் குடித்தவருக்கு வந்திருந்தது.

"அவருகிட்ட சொல்லிருவியா நவமணி?"

தனேஸ்வரன் போனை முடித்துக்கொண்டு வந்தார். "என்ன, சரக்கு எப்படி?"

"இதுக்கு முன்னாடி எந்தக் கொன்யாக் பாட்டில்லயும் இந்த மாதிரி நான் மோந்ததில்லங்க ஐயா," என்றார் அக்கா. சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

விருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், ஈப்போ சீன உணவகம் ஒன்றின் மாடியில் நடந்தது. முப்பது மேசை. தனேஸ்வரன் மேடையேறி, தோட்டத்தைப் பற்றியும், அப்பாவின் நேர்மையைப் பற்றியும், தொரையின் பெருந்தன்மையைப் பற்றியும் முக்கால் மணி நேரம் பேசினார். "இது வெறும் பாட்டில் இல்ல. நம்ம வரலாறு," என்று முடித்தார். அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கின் முன் நின்று, நல்ல பிராந்தி உருவாகும் விதத்தைச் சொன்னார். கொப்பரை, பீப்பாய், காற்றோடு போகும் பங்கு. "வருஷா வருஷம் ஒரு பங்கு, யாருக்கும் தெரியாம, சத்தமில்லாம போயிரும்ங்க. அதக் குறைன்னு யாரும் நெனைக்க மாட்டாங்க. அப்படிப் போனாத்தான் அது நல்ல சரக்கு," என்றார். முதல் மேசையில் விமலா டீச்சர் கோழியின் எலும்பை மிகக் கவனமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு மேசைக்கு மட்டும் சின்னச் சின்னக் கிளாஸில் ஊற்றினார்கள். ஒரு டாக்டர் குடித்துவிட்டுக் கண் கலங்கினார். சம்சுவுக்குக் கலங்கத்தான் செய்யும். "வயசு நாக்குலயே தெரியுதே!" என்றார். வங்கி மேனேஜர் ஒருவர், இதற்குப் பிறகு கடையில் வாங்குவதையெல்லாம் எப்படிக் குடிப்பது என்று கவலைப்பட்டார். மரத்தின் மணம் என்றார் ஒருவர். மண்ணின் மணம் என்றார் இன்னொருவர். தனேஸ்வரன் ஒரே மடக்கில் குடித்து, இருமலை அடக்கிக்கொண்டு, "எங்கப்பா ஞாபகம் வருது," என்றார். அக்காவுக்கும் அவருடைய அப்பா ஞாபகம்தான் வந்தது. கைகழுவப் போகிறவர் போல் எழுந்து வெளியே போய், மாடிப்படியில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை விமலா டீச்சர் கடைக்கு வந்தார். நன்றி சொல்லிவிட்டுப் போக வந்தவரை அக்கா பின்னறைக்குக் கூட்டிப் போய், புதிதாக வந்திறங்கிய ஒரு கொன்யாக்கைக் கிளாஸில் ஊற்றி முதலில் தான் மோந்தார். பிறகு டீச்சரிடம் நீட்டினார்.

"நான் மூக்கு. நீங்க நாக்கு. சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இது இன்னும் சின்னப் புள்ள. அவசரம். பதில் தெரியுமுன்னாடி கையத் தூக்குற மாணவன் மாதிரி," என்றார். அக்கா அப்படியே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. தையல் வகுப்புக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு டீச்சர் வருவார். ஒரு கிளாஸுக்கு மேல் குடிப்பதில்லை. எழுதிய சீட்டுகளை லியோங் தௌக்கே மூன்று மொழியில் அச்சிட்டு, அலமாரியில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கீழே ஒட்டி வைத்தார். வாடிக்கையாளர்கள் பாட்டிலைப் பார்ப்பதற்கு முன் சீட்டைப் படிக்க ஆரம்பித்தார்கள். வியாபாரம் ஏறியது. கோயில் கமிட்டிக்கும் அடுத்த வருடச் சாப்பாட்டைப் பற்றிய கவலை தீர்ந்தது.

தனேஸ்வரன் ஐயா இப்போது கடைக்கு அடிக்கடி வருகிறார். விருந்துக்குப் பிறகு அவருக்குப் பழைய பிராந்தியில் நிபுணர் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரைக் காப்பாற்றச் சரக்கு வேண்டும், சரக்கைப் பற்றிப் பேச வார்த்தை வேண்டும். போன வாரம் வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். சிலவற்றை உதடு அசையப் பாடம் செய்தார்.

"பிரமாதமா எழுதியிருக்கான் நவமணி. யாரு எழுதறது? நல்லா படிச்ச ஆளாத்தான் இருக்கணும்."

"ஆமாங்க ஐயா," என்றார் அக்கா, பாட்டிலைத் தாளில் சுற்றிக்கொண்டே. "தலைமை ஆசிரியராப் போக வேண்டிய ஆளு."